செயற்கை நுண்ணறிவுக்குத் தீர்ப்பு சொல்லப் போன கதை

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம். மேடையில் நடுவர் நாற்காலியில் உட்கார்ந்து கோலி சோடா குடித்துக்கொண்டிருந்தேன். பட்டிமன்றம் தொடங்க இன்னும் சற்று நேரம் இருந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் விறுவிறுவென்று மேலே ஏறி வந்து, எங்களை அழைத்திருந்த சங்கத்தின் செயலாளர் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் வணக்கம். எம் பேரு தண்டபாணி. அண்ணாகிராமம் பக்கம் முந்திரிக்கொட்டை ஒடைக்கிற கொட்டகை வெச்சிருக்கேன். எம் பொண்ணு யாழினிக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கிற படிப்புக்கு இந்த ஊர்ல சீட்டு கெடச்சிருக்குது. ஃபீஸ் கட்ட நாளைக்குக் கடைசி நாளு. கட்டலாமா வேணாமான்னு ஒரே கொழப்பம். தங்கச்சி வீடு இந்தத் தெருவுலதான். வந்த எடத்துல உங்க போர்டப் பாத்தேன். 'செயற்கை நுண்ணறிவு மனிதனை மிஞ்சுமா, மிஞ்சாதா?'ன்னு போட்டிருந்துச்சு. நடுவர் ஐயா மிஞ்சும்னு தீர்ப்பு சொன்னா சீட்ட உட்டுர்றேன். மிஞ்சாதுன்னு சொன்னா கட்டிர்றேன். அவ்ளோதாங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய் உட்கார்ந்துகொண்டார். மண்டபம் முழுக்கக் கைதட்டல். எனக்கு சோடா மூக்கு வழியாக வந்தது.

தீர்ப்பு என்றால் என்ன

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பட்டிமன்றத் தீர்ப்பை யாரும் கேட்பதில்லை. நடுவர் எழுந்து தொண்டையைச் செருமும்போது பாதிக் கூட்டம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும். மீதிக் கூட்டம் சாப்பாட்டுப் பொட்டலம் எந்த வாசலில் கொடுக்கிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருக்கும். கடலூரிலும் சுற்றுவட்டாரத்திலும் இருபது வருடத்துக்கு மேலாக நடுவராக இருக்கிறேன். 'குடும்ப நிம்மதிக்குக் காரணம் மாமியாரா, மருமகளா?' என்று நான் தீர்ப்பு சொல்லாத தெரு கிடையாது. அதைக் கேட்டு எந்த மாமியாரும் திருந்தியதாகத் தகவல் இல்லை. என் வீட்டில் இரண்டு தரப்புமே திருந்தவில்லை.

தீர்ப்பு எழுதுவதும் சுலபம். 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும், ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக அன்பு வேண்டும்.' இது பொருந்தாத தலைப்பை நான் இதுவரை பார்த்ததில்லை.

பேச்சும் அப்படித்தான். டிவி வீட்டுக்கு வீடு வந்த காலத்தில், நான் சாதாப் பேச்சாளனாக இருந்தபோது, 'டிவி வரமா, சாபமா?' என்று ஒரு பேச்சு தயார் செய்தேன். செல்போன் வந்ததும் டிவியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செல்போனைப் போட்டேன். பிறகு இன்டர்நெட். பிறகு வாட்ஸ்அப். ஒரே சட்டை, பட்டன் மட்டும் புதிது. ஒருமுறை பாதி மாற்றி மீதியை மறந்துவிட்டேன். "சாயங்காலம் ஆனால் குடும்பமே ஹாலில் உட்கார்ந்து, ஆன்டெனாவைத் திருப்பித் திருப்பிச் செல்போன் பார்க்கிறது" என்று முழங்கினேன். அதற்கும் கைதட்டினார்கள்.

ஆகவே செயற்கை நுண்ணறிவு வந்தபோது எனக்குப் பயமே இல்லை. பட்டன் தைக்க வேண்டியதுதானே.

வேனில் ஒத்திகை

எங்கள் குழுவில் அணிக்கு இருவர், மொத்தம் நான்கு பேச்சாளர்கள். இருவரைத் தெரிந்துகொண்டால் போதும், மற்ற இருவர் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒருவர் பிளாரன்ஸ் டீச்சர். தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும். இன்னொருவன் என் மனைவியின் தம்பி குணசேகரன். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்க்கிறான். காலை ஷிப்ட் முடித்து, யூனிபார்மை வேனிலேயே கழற்றி ஜிப்பா மாட்டிக்கொண்டு மேடை ஏறுகிறவன்.

குழுவில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே தலைப்பைப் பல ஊர்களில் பேச வேண்டியிருந்தால், ஒவ்வொரு ஊருக்கும் அணியை மாற்றிக்கொள்வோம். ஒரே பக்கம் பேசினால் பேச்சாளருக்கே அலுத்துவிடும். போன வாரம் பண்ருட்டியில் குணா 'மிஞ்சும்', டீச்சர் 'மிஞ்சாது'. இன்றைக்குச் சிதம்பரத்தில் டீச்சர் 'மிஞ்சும்', குணா 'மிஞ்சாது'.

கடலூரில் வேன் கிளம்பியதும் கேட்டேன். "டீச்சர், மிஞ்சும்னா எதுல மிஞ்சும்னு பேசப்போறீங்க?"

"எதுலன்னு எல்லாம் எதுக்கு சார்? பொதுவா மிஞ்சும். பஞ்ச் லைன் ரெடி."

பின் சீட்டிலிருந்து குணா தலையை நீட்டினான். "மாமா, ஏஐ தெரியும். இந்த ஏஜிஐ ஏஜிஐங்கிறாங்களே, அது இன்னா, அதுக்கு அண்ணனா?"

"நடுவுல ஜி வந்தா மரியாதை ஜாஸ்திடா."

"அதுக்கும் மேல சூப்பர் ஒண்ணு இருக்காம் மாமா."

"பெட்ரோல் பங்க்ல பாக்கறதில்ல? சாதா, பிரீமியம். அது மாதிரி வெச்சுக்கோ."

"சரி, அது எப்ப வரும்?"

"ஒருத்தர் ரெண்டு வருசம்ங்கிறார். ஒருத்தர் அம்பது வருசம்ங்கிறார். இன்னொருத்தர் ஏற்கெனவே வந்துட்டுதுங்கிறார்."

"மூணு பேரும் ஒரே ஆளப் பத்திதான் பேசறாங்களா?"

"அதக் கேக்கக்கூடாதுடா. கேட்டா நம்ம தொழிலே நின்னுடும்."

வேனில் எல்லோரும் சிரித்தோம். ஒன்றரை மணி நேரம் கழித்துத் தண்டபாணி மைக்கை வாங்கப்போகிறார் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

டீச்சர் முழங்கினார்

டீச்சர்தான் முதல் பேச்சு. "நடுவர் அவர்களே! கால்குலேட்டருக்கு அறிவு இருக்கிறதா? இருக்கிறது, கணக்குப் போடுகிறது. அதே அறிவு வளர்ந்து சதுரங்கம் ஆடியது. அதே அறிவு வளர்ந்து இன்றைக்குக் கவிதை எழுதுகிறது. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒழுங்காக ஒரு கடிதம் எழுதத் தெரியாது! இந்த வேகத்தில் போனால் இன்னும் ஐந்து வருஷத்தில் அது கடவுள்!"

மண்டபம் அதிர்ந்தது. மற்ற நாளாக இருந்தால் நானும் தலையை ஆட்டி ரசித்திருப்பேன். அன்றைக்குத் தண்டபாணியின் முகத்தைப் பார்த்துத் தொலைத்தேன். 'கடவுள்' என்றதும் மனிதர் ஒரு சுற்று இளைத்துவிட்டார். பக்கத்தில் யாழினி, சர்டிபிகேட் ஃபைலை மடியில் அணைத்தபடி, மேடையைப் பார்க்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல வருடங்களுக்குப் பிறகு முதல்முறையாக ஒரு பேச்சை வார்த்தை வார்த்தையாகக் கேட்கத் தொடங்கினேன். கெட்ட பழக்கம், நீங்கள் செய்யாதீர்கள். என் தங்கை பேரன் பிறந்த ஆறாம் மாதத்தில் எடையில் இரண்டு மடங்கானான். அதே வேகத்தில் போனால் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க அவனை லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். நல்லவேளை, பையனுக்கு டீச்சரின் கணக்கு தெரியவில்லை.

டீச்சர் விடவில்லை. "அறிவு வந்தால் ஆசை வரும்! ஆசை வந்தால் நாற்காலி கேட்கும்!" என்று என் நாற்காலியைக் காட்டினார். எங்கள் குழுவிலேயே அறிவு அதிகம் உள்ளவர் டீச்சர்தான். அவர் ஒருநாளும் இந்த நாற்காலியைக் கேட்டதில்லை. அறிவு குறைந்த நான்தான் அடித்துப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். இதைப் பாய்ன்டாகச் சொல்லலாமா என்று யோசித்தேன். மானம் தடுத்தது.

அடுத்து, பெயர் சொல்லாத இருவரில் ஒருவர் 'மிஞ்சாது' என்று பேசினார். "அதுக்கு இதயம் இருக்கா? தாய்ப்பாசம் இருக்கா? கண்ணீர் வருமா? பிறகு எப்படி அது நம்மை ஏதாவது செய்யும்?" அதற்கும் அதே அளவு கைதட்டல். தண்டபாணிக்கு முகம் மலர்ந்தது, யாழினியின் தோளைத் தட்டினார். எனக்கு மறுபடி புத்தி குறுக்கே ஓடியது. ரோடு ரோலருக்கும் தாய்ப்பாசம் கிடையாது. அதற்காக அதன் முன்னால் யாரும் பாய் விரித்துப் படுப்பதில்லை.

மூன்றாமவரும் ஏதோ பேசினார். தண்டபாணி இளைத்தார்.

குணா பேசினான்

கடைசிப் பேச்சாளன் குணா. 'மிஞ்சாது' அணியின் துருப்புச் சீட்டு. அன்றைக்கு அவனுக்கு வந்த ஆவேசம் அதற்கு முன்னும் பின்னும் வந்ததில்லை.

"நடுவர் அவர்களே! அதுக்குள்ள இன்னா நடக்குதுன்னு அதைச் செஞ்சவங்களுக்கே முழுசாத் தெரியலையாம்! செஞ்சவனுக்கே புரியாத ஒண்ணு, எதை வேணும்னாலும் செய்யுமா செய்யாதா?"

"செய்யும்!" என்றது கூட்டம்.

"முந்தாநாள் எங்க வீட்ல மிக்சி ரிப்பேர்னு பேசிக்கிட்டோம். கொஞ்ச நேரத்துல போனத் தொறந்தா மிக்சி விளம்பரம்! நாம பேசறதக் கேக்குது சார்! இன்னிக்கு மிக்சியக் கேட்டது, நாளைக்கு நம்ம மூச்சக் கேக்கும்!"

கைதட்டல் நிற்கவில்லை. எதிரணி டீச்சர் மேசையைத் தட்டி ரசித்தார். நானும் மணியடித்துவிட்டு மைக்கை இழுத்தேன். "மிஞ்சவே மிஞ்சாது என்று இடியென முழங்கிய குணசேகரன் அவர்களுக்கு நன்றி!"

தண்டபாணி எழுந்தார். "ஐயா, ஒரு சந்தேகம். இவரு எந்த அணி?"

"மிஞ்சாது அணிங்க."

"இவ்ளோ நேரம் மிஞ்சும்னுதான பேசினாரு?"

நான் குணாவைப் பார்த்தேன். குணா என்னைப் பார்த்தான். அவன் கையிலிருந்த மைக் ஆனில் இருந்தது.

"மாமா, இன்னிக்கு நான் மிஞ்சாதா? பண்ருட்டியில மிஞ்சும்தான?"

அப்புறம் எழுந்த சிரிப்பை விவரிக்க முடியாது. மண்டபத்து ஃபேன் சத்தம் காணாமல் போனது. ஒரு அம்மா சிரித்துச் சிரித்துப் பக்கத்து நாற்காலிக்காரர் மடியில் சாய்ந்துவிட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நானும் நல்ல பாய்ன்டா சொல்றாரேன்னுதான் சார் தட்டினேன். எம் பாய்ன்ட்டுன்னு தோணவே இல்ல" என்றார்.

பிறகுதான் எனக்கு உறைத்தது. 'செய்தவர்களுக்கே புரியவில்லை' என்ற அதே வரியைப் பண்ருட்டியில் டீச்சர் 'மிஞ்சாது' அணியில் பேசியிருந்தார். "செஞ்சவனுக்கே புரியாததை நம்பி எவன் சார் வேலை கொடுப்பான்?" அங்கேயும் அமோக வரவேற்பு. வரி ஒன்றுதான். சாய்கிற பக்கம் சாய்ந்துகொள்ளும்.

சிரிக்காத இருவர் முன்வரிசையில் இருந்தார்கள். தண்டபாணி இன்னும் நின்றுகொண்டிருந்தார். "எல்லாரும் சிரிக்கிறீங்க. நல்லாத்தான் இருக்குது. நாளைக்கு எம் பொண்ணு இன்னா பண்றதுங்க?"

மூன்று வார்த்தைக்குத் தடை

என் நாக்கு நுனியில் தீர்ப்பு தயாராக இருந்தது. 'இதுவும் வேண்டும், அதுவும் வேண்டும்.' ஆனால் சீட்டைப் பாதி வாங்கிக்கொண்டு பாதி விட முடியாதே.

"தண்டபாணி சார், மேல வாங்க. பொண்ணையும் கூட்டிட்டு வாங்க" என்றேன். இருவரும் வந்தார்கள். மைக்கில் அறிவித்தேன். "இனி இந்த மேடையில யாரும் மூணு வார்த்தை சொல்லக்கூடாது. ஏஐ, அறிவு, மிஞ்சும். மீறினா மணியடிப்பேன்."

"அப்ப நாங்க வீட்டுக்குப் போலாமா மாமா?" என்றான் குணா.

"அந்த மூணையும் எடுத்துட்டா எம் பேச்சுல 'நடுவர் அவர்களே' மட்டும்தான் சார் மிச்சம்" என்றார் டீச்சர்.

தண்டபாணியிடம் கேட்டேன். "உங்களுக்கு இன்னா பயம்? அந்த வார்த்தை இல்லாம சொல்லுங்க."

"வாட்ஸ்அப்புல வந்துச்சுங்க. எக்ஸ்ரே பாக்க மெசினு வந்துட்டுதாம். இனிமே ஆளே வேணாமாம்."

"பாக்கவா, எடுக்கவா?"

யாழினி முதல்முறையாக வாய் திறந்தாள். "படத்தப் பாத்து நோவு இன்னான்னு சொல்றது டாக்டருப்பா. நான் படிக்கப்போறது படம் எடுக்கிறது. இடுப்பெலும்பு முறிஞ்சு அழுதுகிட்டு வர்றவங்கள வலிக்காம படுக்க வெக்கணும், சரியான பக்கமாத் திருப்பணும், அசையாம இருக்கச் சொல்லணும்."

"அதுக்கும் மெசினு வந்துட்டா?"

"கொஞ்சம் வரலாம்பா. வராதுன்னு நான் சொல்லல."

இந்தப் பெண்ணை எங்கள் குழுவில் சேர்க்கவே முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது. கைதட்டல் வரும் இடத்தில் உண்மையைச் சொல்கிறாள்.

நான் அவள் அப்பாவிடம் திரும்பினேன். "உங்க கொட்டகைக்கு மெசின் வந்துச்சா?"

"வந்துச்சுங்க. கொட்டை ஒடைக்கப் போட்டோம். ஒடைச்சிக்கிட்டிருந்த பொம்பளைங்கள்ல பாதிப் பேரு போயிட்டாங்க." குரல் கொஞ்சம் இறங்கியது. "பாவம்தான்."

"தோல் உரிக்க?"

"அதுக்கும் ஒண்ணு வாங்கினேன். முழுப் பருப்ப ஒடைச்சி ஒடைச்சித் தள்ளுது. ஓரமாப் போட்டு வெச்சிருக்கேன். ஆளுங்கதான் உரிக்கிறாங்க."

"தரம் பிரிக்க?"

"பெரிய கம்பெனில கேமரா வெச்சிப் பிரிக்கிறாங்களாம். எங்கிட்ட இல்ல. நாளைக்கு வரலாம்."

"அப்ப சொல்லுங்க, மெசினு மனுசன மிஞ்சிடுச்சா?"

டீச்சர் பாய்ந்து மணியை அடித்தார். நடுவரே தடையை மீறிவிட்டேனாம். தண்டபாணிக்கு அது காதில் விழவில்லை.

"இன்னாங்க கேள்வி இது? எந்த மெசினு, எந்த வேலைக்கு, பருப்பு எப்படி வருது, அதெல்லாம் பாக்காம மொட்டையாக் கேட்டா இன்னாத்தச் சொல்றது?"

சொல்லிவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். தான் சொன்னது அப்போதுதான் தன் காதிலேயே விழுந்ததுபோல் இருந்தது. பிறகு மெதுவாக, "ஓகோ" என்றார்.

சொன்னதும் சொல்லாததும்

நான் எழுந்தேன். "பெரியோர்களே, இந்தத் தலைப்புக்கு என்னிடம் தீர்ப்பு இல்லை. கடலூர் துறைமுகத்தில் புயல் வந்தால் கூண்டு ஏற்றுகிறார்கள். கூண்டுக்கு நம்பர் உண்டு. நம்பரைப் பார்த்து, எவ்வளவு ஆபத்து, எவ்வளவு பக்கத்தில் என்று தெரிந்துகொண்டு படகை இழுத்துக் கட்டுகிறார்கள். நம்பரே இல்லாமல் 'ஏதோ பெரிசா வருது' என்று மைக்கில் கத்தினால் ஒருவர் வீட்டைக் காலி செய்வார், இன்னொருவர் சிரித்துக்கொண்டு கடலுக்குப் போவார். இரண்டும் தப்பு. புயல் இல்லை என்று நான் சொல்லவில்லை. பெரும் புயலாகவே இருக்கலாம். ஆனால் நாங்கள் நான்கு பேரும் இன்றைக்கு ஏற்றியது கூண்டு இல்லை, கூச்சல். மிஞ்சுமா என்று கேட்டால், எனக்குத் தெரியாது."

'எனக்குத் தெரியாது' என்று மேடையில் நான் சொன்னது அதுதான் முதல்முறை. ஒரு கைதட்டல்கூட இல்லை. ஆனால் யாரும் செருப்பைத் தேடவும் இல்லை.

சங்கச் செயலாளர் மட்டும் ஓடி வந்து காதில் கிசுகிசுத்தார். "சார், நோட்டீஸ்ல தீர்ப்புன்னு போட்டுட்டோம். சும்மா ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்களேன்."

வாசலில் வேனுக்காக நின்றபோது தண்டபாணி வந்தார். "சார், மெய்யாலுமே தெரியாதா, மேடைக்காகச் சொன்னீங்களா?"

"மெய்யாலுமே தெரியாதுங்க."

"வாட்ஸ்அப்புக்காரனுக்கு?"

"அவருக்கும் தெரியாதுங்க. தெரியாதுன்னு அவர் சொல்லல, அவ்ளோதான்."

அவர் யாழினியிடம் திரும்பினார். "சரி, கட்டிர்றேன். படிச்சி முடிச்சப்புறம் அந்த வேலையும் மெசினுக்குப் போயிட்டா இன்னாடி பண்ணுவ?"

"எந்த வேலை போச்சின்னு பாப்பேன். போவாத வேலை எதுன்னு பாத்துக் கத்துக்குவேன். இப்பயே படிக்காம இருந்தா பாக்கறதுக்கே தெரியாதுப்பா."

தண்டபாணி தலையை ஆட்டினார். மகள் கையிலிருந்த ஃபைலை வாங்கித் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

தொழிலுக்கு வரும் இளையவர்களுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். வரப்போகும் பெரிய விஷயங்களைப் பற்றிப் பேசுங்கள், தாராளமாகப் பயப்படுங்கள், தாராளமாகச் சந்தோஷப்படுங்கள். ஆனால் மேடை ஏறுமுன் வேனிலேயே இரண்டு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது எந்தப் பொருள், எந்த வேலை? எதைக் கண்ணால் பார்த்தால் நான் சொன்னது தப்பு என்று ஒப்புக்கொள்வேன்? இரண்டுக்கும் பதில் இல்லையென்றால் உங்கள் பேச்சு இரண்டு அணிக்கும் பொருந்தும். கைதட்டல் கிடைக்கும், அதில் குறை இருக்காது. முன்வரிசையில் மடியில் ஃபைலோடு யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை செயலாளரிடம் நம்பர் வாங்கித் தண்டபாணி போன் செய்தார். "கட்டிட்டேங்க சார். பொண்ணுக்கு ரொம்ப சந்தோசம்." எனக்கும் தலைகால் புரியவில்லை. நடுவர் வாழ்க்கையிலேயே முதல்முறையாக நான் சொல்லி ஒன்று நடந்திருக்கிறது, அதுவும் தெரியாது என்று சொல்லி.

"அப்புறம் சார், ஒரு விஷயம். பையன் அடுத்த வருசம் பிளஸ் டூ. கம்ப்யூட்டர் படிக்கிறேங்கிறான். அப்ப ஒருவாட்டி உங்ககிட்டக் கேட்டுட்டுதான் சேப்பேன்."

அவசரமாக பிளாரன்ஸ் டீச்சர் நம்பரைக் கொடுத்துவிட்டேன்.